இலவச லேப்டாப் 'ஆமை வேகமா'? எடைக்கு போடும் முன் இதை படிங்க!

திருப்பூர்:-

திருப்பூர் பகுதியில் பனியன் தொழிலாளர்களின் வீடுகள் பலவற்றில், பிள்ளைகளுக்கு பள்ளியில் கிடைத்த அரசு இலவச லேப்டாப் பீரோ மேல் கிடக்கிறது. ஆன் செய்து விட்டு டீக்கடைக்கு போய் வந்தாலும் திரை முழுசாக வருவதில்லை. 'மெமரி போயிடுச்சு, புதுசு வாங்குங்க' என்று யாராவது சொன்னால், வட்டிக்கு வாங்கியாவது புதுசு எடுக்க கிளம்பி விடுகிறார்கள். பல நேரம் அந்த செலவு தேவையே இல்லை.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இந்த திட்டத்தை தொடங்கி வைத்தார். முதலில் வந்த லேப்டாப்களில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. அன்றைக்கு அது போதும். இன்றைய வெப்சைட்டுகளுக்கு போதாது.

ஏன் ஸ்லோ ஆகிறது?

ரேம் என்பது கட்டிங் டேபிள் மாதிரி. ஹார்ட் டிஸ்க் என்பது குடோன். டேபிள் சின்னதாக இருந்தால், பீசை குடோனுக்கு கொண்டு போய் வைப்பதும், திரும்ப எடுத்து வருவதுமாகவே நேரம் போய்விடும். கம்ப்யூட்டரும் ரேம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு சுற்றி வேலை செய்வது என்பதால் அது ரொம்ப மெதுவு. சினிமா, போட்டோவை அழித்தால் குடோனில்தான் இடம் வரும், டேபிள் பெரிசாகாது. 'எல்லாத்தையும் அழிச்சும் ஸ்பீடு வரலையே' என்பதற்கு காரணம் இதுதான்.

காசு செலவில்லாத வேலைகள்

* கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த புரோகிராம் மெமரியை சாப்பிடுகிறது என்று அதில் தெரியும்.

* ஆன் ஆகும்போதே தானாக கிளம்பும் புரோகிராம்களை நிறுத்தவும். விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட் அப்' பகுதி இருக்கிறது.

* பிரவுசரில் ஒரே நேரத்தில் பத்து பக்கம் திறக்க வேண்டாம். இரண்டு, மூன்று போதும்.

* ஆன்டி வைரஸ் ஒன்று போதும். இரண்டு இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

* 'ரேமை கூட்டித் தருகிறோம்' என்று வரும் இலவச சாப்ட்வேர்களை நம்ப வேண்டாம். அவை ரேமை கூட்டாது. வைரஸ்தான் வந்து சேரும்.

நம்ம ஊர் பிரச்சினை

வீட்டில் ஓவர்லாக் மெஷின் ஓடினால் பஞ்சுத் தூசி பறக்கும். அது லேப்டாப் காற்றாடியில் அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேகத்தை குறைத்துக்கொள்ளும். அடிப்பக்கம் கொதித்தால் முதலில் தூசியை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெத்தை, துணி மேல் வைத்து ஓட்டவே கூடாது.

செலவு செய்வதாக இருந்தால்...

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். அதில் சுற்றும் தட்டு கிடையாது. ஆன் ஆகும் நேரம் நன்றாகவே குறையும்.

ரேம் வாங்கும் முன் உஷார். பழைய இலவச லேப்டாப்களில் பலவற்றில் 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' இருந்தது. அது 2 ஜி.பி.க்கு மேல் ரேமை பயன்படுத்தாது. நீங்கள் 4 ஜி.பி. போட்டாலும் பாதி காசு வீண்! மற்ற 32 பிட் விண்டோஸ் 7-க்கு 4 ஜி.பி.தான் எல்லை. 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் எந்த விண்டோஸ், எத்தனை பிட், எவ்வளவு ரேம் என்று தெரிந்து விடும். டி.டி.ஆர்.2 இடத்தில் டி.டி.ஆர்.3 பொருந்தாது. பழைய ரேமை கையோடு கொண்டு போய் காட்டி வாங்குவது நல்லது.

பாதுகாப்பும் முக்கியம்

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந்தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடும் மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்து விட்டது. விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். பழைய பிராசசர்களையும் அது ஏற்காது. எனவே பழைய லேப்டாப்பில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து.

இதற்கு வழி லினக்ஸ். காசு கிடையாது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சில் தமிழும் உண்டு. குறைந்த ரேமில் ஓடும் வேறு லினக்ஸ்களும் இருக்கின்றன. டைப்பிங் பழக, பீஸ் ரேட் கணக்கு எழுத, ஆன்லைனில் விண்ணப்பம் போட இது போதும்.

எதை மாற்றுவதாக இருந்தாலும் அதற்கு முன் மார்க் ஷீட், சான்றிதழ், குடும்ப போட்டோக்களை பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடைக்கு போடுவதாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கை கழற்றி வைத்து விட்டு கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆதார், பான் நகல் எல்லாம் யார் கைக்கோ போய்விடும்.