ஊர்த் தோப்பைக் காத்த இயற்கை அன்பர்

யப்பான் நாட்டின் பெருந்தீவாகிய ஹொன்சூவின் தெற்கே, கியீ என்னும் குடாநாடு பசிபிக்குச் சமுத்திரத்துள் நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்குக் கரையில் தனாபே என்னும் ஊர் உள்ளது. அதன் முன்னே கடல். பின்னே மழை மிகுந்த குமனோ மலைகள். 1904 ஆம் ஆண்டில் இவ்வூரிற் குடியேறி, 1941 இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர் மினக்கத்தா குமகுசு என்பவர்.

இவர் 1867 இற் பிறந்தவர். இவர் பெயரின் பிற்பகுதி கருப்பூர மரத்தைக் குறிப்பதாகும். இளமையில் அமெரிக்காவுக்கும் பின்னர் இலண்டனுக்குஞ் சென்று, பிரித்தானிய நூதனசாலையிற் பல மொழி நூல்களையுங் கற்று, 1900 இல் தாய்நாடு திரும்பினார். எனினும், எச் சருவகலாசாலையிலும் பட்டம் பெற்றாரல்லர். செடி கொடிகளையும் பாசிகளையும் காளான்களையுந் தேடி மலையேறுவதே அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தொழிலாகும்.

அவர் மிகவும் விரும்பி ஆராய்ந்தவை சளிப்பங்கசுகள். இவை உக்கிய மரங்களிலும் சருகுகளிலும் காணப்படும் நுண்ணிய உயிர்கள். ஒரு பருவத்திற் கூழ்போல் மெல்ல ஊர்ந்து பற்றீரியாக்களை உண்ணும். மறு பருவத்தில் ஊர்தலை விட்டுச் சிறு காம்புகளாக நிமிர்ந்து வித்திகளைப் பரப்பும். 1917 இல், தம் வீட்டு முற்றத்து மரமொன்றிலேயே இவர் ஒரு புதிய சளிப்பங்கசைக் கண்டார். அதனை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் குலியெல்மா லிஸ்ரர், 1921 இல் அதற்கு இவர் பெயரால் மினக்கத்தெல்லா என்று பெயரிட்டார். அரிய பொருளைத் தேடித் தூரதேசஞ் செல்லவேண்டுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வமைதியான வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1906 இல் யப்பானிய அரசாங்கம் சிறு கோயில்களை ஒன்றாக இணைக்கும் திட்டத்தை வகுத்தது. நாடெங்கும் ஏறத்தாழ 70,000 கோயில்கள் மறைந்தன. வக்கயாமா, மியே ஆகிய மாகாணங்களில் இத்திட்டம் மிகக் கடுமையாக நடத்தப்பட்டது. கோயில் நீங்கவே, அதனைச் சூழ்ந்து நின்ற பழைய தோப்பும் கோடரிக்கு இரையாயிற்று.

குமகுசு இதனை வன்மையாக எதிர்த்தார். அவர் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று கமக்காரருக்குப் பெரிதும் உரியது. தோப்பு அழியின் பறவைகள் உறைவிடமிழந்து அகலும். பறவைகள் அகலின் பயிருண்ணும் பூச்சிகள் பெருகும். அதனால் விளைச்சல் குன்றிக் கமக்காரருக்குச் செலவு மிகும். ஆகவே மரம் விற்று வரும் பணம் உண்மையில் ஆதாயமன்று என்பது அவர் வாதம். உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் சூழலியலின் பெயரை, 1911 இல் தாம் எழுதிய கடிதமொன்றிலேயே அவர் எடுத்தாண்டார்.

1910 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், இணைப்பை ஆதரித்த உத்தியோகத்தர் வந்திருந்த கூட்டமொன்றினுள் இவர் சினத்துடன் புகுந்தார். அதன் பயனாகப் பதினெட்டு நாட் காவலில் இருக்க நேர்ந்தது. எனினும் அவர் தளர்ந்தாரில்லை. செய்தித்தாள்களிலும் அறிஞர்க்கு எழுதிய கடிதங்களிலும் தம் வாதத்தைத் தொடர்ந்தார். பல தோப்புகள் அதற்குமுன்பே வெட்டுண்டன. ஆயினும், மலைப்பாதையோரத்து முதிய சீடர் மரங்கள் சிலவும், தனாபே விரிகுடாவிலுள்ள கஷிமா என்னுஞ் சிறுதீவின் காடும் தப்பின. மந்தாரைக் குலத்தைச் சேர்ந்த கொடியொன்று அத்தீவிற் சிறப்பாக வளர்கின்றது.

1929 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், உயிரியலில் ஈடுபாடுடைய யப்பானியச் சக்கரவர்த்தி அத்தீவைப் பார்வையிட்டார். அன்று நாகட்டோ என்னும் போர்க்கப்பலில் குமகுசு அவருக்கு விரிவுரையாற்றி, 110 சளிப்பங்கசு மாதிரிகளை வழங்கினார். அவற்றை அவர் இட்டுச் சென்றது கரமல் இனிப்பு வந்த வெறும் அட்டைப் பெட்டிகளில்! 1935 இற் கஷிமா இயற்கைச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது. குமனோ மலைப்பாதைகள் 2004 இல் உலக மரபுரிமையாயின.

வயலோரத்து மரமும் கோயிற்றோப்பும் நிலத்தை வீணே அடைத்து நிற்பன என்று எண்ணுதல் தவறு. அவற்றில் உறையும் பறவைகள் கூலி கேளாது பயிரைக் காக்கும் காவலாளர். ஒரு மரத்தை வெட்டுமுன், அதில் வாழ்வன யாவையென ஒரு காலைப்பொழுதேனும் நின்று பார்த்தல் ஒவ்வொரு கமக்காரருக்கும் நன்று.