பாரி சொல்லும் சேதி

ஆடி பிறந்துவிட்டால் மதுரைக் காற்றுக்கு வெறி பிடித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டித் தீர்க்கிறது. மலையேறி இறங்கும் காற்று ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வைகைச் சமவெளிக்குள் நுழைகிறது. புழுதி பறக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். விதைக்கிற மாதம் என்று பெயர்; வானத்தைப் பார்த்தால் அதற்கான அடையாளமே இருக்காது. இந்த ஊருக்கு ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது.

அப்படிப்பட்ட மாதத்தில்தான் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூரிலும் அதைத் தாண்டிய கிராமங்களிலும் அம்மன் கோயில்களுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம், கூழ், ஒலிபெருக்கியில் பாட்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஏதாவது ஒரு வீட்டு உள்ளறையையோ கோயிலை ஒட்டிய கொட்டகையையோ வெளிச்சம் புகாதபடி அடைத்துவிடுவார்கள். குளித்துச் சுத்தமான பெண்கள் மட்டும் உள்ளே போய்வருவார்கள். உள்ளே முளைப்பாரி வளர்கிறது.

சடங்கின் வேலை விதை சேகரிப்பதில் தொடங்குகிறது. பழைய வழக்கப்படி பெரிய மனுஷி ஒருத்தி வீடு வீடாகப் போய்ப் பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு, நெல் என்று ஆளுக்கொரு கை வாங்கி வருவாள். விதைக்கு அப்போது முத்து என்று பெயர். அடி உடைந்த மண்பானை அல்லது வாயகன்ற சட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் காய்ந்த எருப்பொடியும் கரம்பை மண்ணும் போட்டு, இரவு முழுக்க ஊறிய முத்தைப் பாவுவார்கள். மேலே இன்னொரு பிடி எரு. அன்றாடம் தண்ணீர் தெளிப்பதும், சாயங்காலம் கூடிக் கும்மி கொட்டுவதும் ஏழு நாளோ ஒன்பது நாளோ நடக்கும். கடைசி நாளில் அறையைத் திறந்தால் முழ உயரத்துக்கு, வெளிர் மஞ்சளாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பயிர் நிற்கும். தலையில் ஏந்தி ஊர்வலமாகப் போய், கண்மாயோ ஆறோ கிணறோ எது பக்கமோ அதில் கரைப்பார்கள்.

பாரி வளர்ந்தால் ஊர் செழிக்கும், குன்றினால் அந்த வருஷம் ஆகாது என்பது நம்பிக்கை. தன் சட்டி சரியாக முளைக்கவில்லை என்றால் அந்த வீட்டுப் பெண் படும் கலக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது வேடிக்கைக்குச் செய்யும் காரியமில்லை என்று. வரும் மழையைப் பற்றி அந்தச் சட்டிக்கு ஏதாவது தெரியுமா? இந்தக் கேள்வியை மரியாதையோடு கேட்டுப் பார்க்கலாம். முதலில் அந்த இருட்டறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தட்டைப்பயறை எடுத்துக்கொள்வோம். நன்கு காய்ந்த பயறின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஈரம் இருக்கும். அந்த வறட்சியில் உயிரின் வேலைகள் கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். தண்ணீரில் போட்டதும் முதலில் அசைவது தோல்தான். உள்ளிருக்கும் பருப்பு உப்புவதற்கு முன்பே தோல் நனைந்து விரிவதால் பயறு முழுக்கச் சுருக்கம் விழும். சில மணி நேரத்தில் பருப்பும் உப்பித் தோலை நிரப்பிவிட, சுருக்கம் மறைந்து பயறு வழவழப்பாகிறது. இதுவரை நடந்தது உயிரின் வேலையே அல்ல. செத்த பயறும் இப்படித்தான் ஊறும். அதற்கப்புறம்தான் இரண்டும் பிரிகின்றன. உயிருள்ள விதைக்குள் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. காய்ந்து கிடந்த காலத்தில் செல்களின் சவ்விலும் மரபணுவிலும் ஏற்பட்ட சேதங்களைச் சரிசெய்து, மூச்சுவிடும் உறுப்புகளை மறுபடி இயக்கி, பிறகுதான் வேர்முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

முளைக்கும் பயிருக்கு அந்த ஒன்பது நாளும் சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. பயறுகளில் இரண்டு பருப்பும்தான் அதன் கட்டுச்சோறு. நெல்லிலும் சோளத்திலும் மாவுச்சத்து. நெல்லின் கரு, ஜிபரலின் என்ற ஹார்மோனைச் சுரந்து அரிசியைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்குக்குச் சேதி அனுப்புகிறது. அந்த அடுக்கு அமைலேஸ் என்ற நொதியை வெளியிட்டு மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கிறது. இந்த ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு நெற்பயிர் நோயால்தான். வயலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றை மிஞ்சி, ஒல்லியாக, மஞ்சளாக நெட்டுக்குத்தாக வளர்ந்து சாய்வதை ஜப்பானிய விவசாயிகள் வெகுகாலமாகக் கண்டு வந்தார்கள். பூஞ்சை ஒன்று கசியவிடும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று 1926இல் எய்இச்சி குரோசாவா காட்டினார். அதற்கு ஜிபரலின் என்று 1935இல் பெயரிட்டவர் தெய்ஜிரோ யபுதா. நோயுற்ற அந்த நாற்றுக்கும் நம் பாரிக்கும் தோற்றத்தில் உள்ள ஒற்றுமை வெறும் தற்செயல் இல்லை. இருட்டில் வளரும் பயிரையும் உயரமாக இழுப்பதில் ஜிபரலினுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இருட்டில் ஏன் இந்த அவசரம்? வெயிலில் வைத்த பயறு இரண்டு விரல் உயரத்தில் இலை விரித்து நிதானமாக நிற்கும்போது, அதே பயறு அடைத்த அறைக்குள் ஏன் முழ உயரம் போகிறது? விதையின் இடத்திலிருந்து பார்த்தால் விடை எளிது. விதை முளைப்பது மண்ணுக்கடியில். அதற்கு இருட்டு என்றால், இன்னும் மேலே வந்து சேரவில்லை என்று பொருள். பாரி அறைக்குள் இருக்கும் பயிர் ஒன்பது நாளும் தான் புதைந்தே கிடப்பதாக எண்ணிக்கொண்டு மேலே வரப் போராடுகிறது. மேல் எது, கீழ் எது என்பதைப் புவியீர்ப்பு காட்டிக்கொடுக்கும்: வேர்முனையிலும் தண்டிலும் சில செல்களுக்குள் கனத்த மாவுமணிகள் இருக்கின்றன, அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அது கீழ். கையிருப்பு தீருவதற்குள் வெளிச்சத்தை எட்ட வேண்டும் என்பதால் உணவு முழுவதும் தண்டின் நீளத்துக்கே போகிறது. இலை விரிப்பது, பச்சையம் தயாரிப்பது எல்லாம் ஒத்திவைக்கப்படுகின்றன. பயறுகளின் தண்டு, நுனியில் கொக்கிபோல் வளைந்து கொள்கிறது. மண்ணை முட்டித் திறப்பது அந்த வளைவுதான்; உள்ளே மடங்கிய பிஞ்சுக் குருத்துக்கு உரசல் படாது.

வெளிச்சம் வந்ததா இல்லையா என்பதைப் பயிர் எப்படி அறிகிறது என்பதற்கான விடை அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கிடைத்தது. லெட்டூஸ் கீரையின் விதை சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது, அதன்பின் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச்சிவப்பு ஒளி பட்டால் முளைக்க மறுக்கிறது, மறுபடி சிவப்பு காட்டினால் மறுபடி முளைக்கிறது என்று அங்கே 1952இல் கண்டார்கள். கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதுதான் விதைக்குக் கணக்கு. இதற்குக் காரணமான நிறமியை 1959இல் அடையாளம் கண்டு ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். சிவப்பு ஒளி பட்டதும் அது உருமாறிச் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நீள வளர்ச்சியை முடுக்கிவிடும் புரதங்களை அழிக்கிறது. இருட்டில் அந்தப் புரதங்களைத் தடுக்க ஆளில்லை. பாரியின் உயரம் அதனால் வருவது.

கூரையில் ஒரு பொத்தல் இருந்தால்கூடப் பாரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில் எழுதிய சோதனை இதுதான்: புல் முளையின் நுனியை மட்டும் மூடி வைத்தார்கள், பக்கவாட்டிலிருந்து ஒளி பட்டும் அது வளையவில்லை. ஒளியை அறியும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே. சட்டிகளை நேராக வளர்க்கப் பொத்தல்களைத் துணி வைத்து அடைக்கும் பெண்கள் டார்வினைப் படித்ததில்லை. ஆனால் இந்த உண்மை அவர்கள் கையில் இருக்கிறது.

மஞ்சள் நிறம் கதையின் இன்னொரு பாதி. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகளின் குடும்பம்தான் பாரிக்கும் மஞ்சள் தருகிறது. பச்சை இல்லாததால் அது வெளியே தெரிகிறது. பச்சையத்தைச் செய்யும் வேலையில் கடைசிப் படிகளுள் ஒன்றை மட்டும் செய்யாமல், அதற்கு முந்தைய பொருளைப் பயிர் தயாராக வைத்திருக்கிறது. பூக்கும் தாவரங்களில் அந்தப் படியை முடிக்கும் நொதி ஒளி பட்டால் மட்டுமே இயங்கும். ஒளியை நேரடியாகப் பயன்படுத்தி இயங்கும் நொதிகள் உயிருலகிலேயே வெகு சிலதான். பைன் மரக் கன்று இருட்டிலும் பச்சையாகும், நம் தட்டைப்பயறால் முடியாது. பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு, குலவை ஒலிக்கப் பெண்கள் வாசலைத் தாண்டும்போது, அந்த நொதிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பச்சை வரச் சில மணி நேரமாகும். ஊர்வலத்தில் எல்லோருக்கும் மஞ்சளாகத் தெரியும் பயிர், உள்ளே ஏற்கெனவே பச்சைக்கு மாறத் தொடங்கியிருக்கிறது.

இந்த வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்குச் சிலப்பதிகாரம் சாட்சி. கண்ணகியின் திருமணத்தில் பெண்கள் முளைக்குடம் ஏந்தி வருகிறார்கள். உலகின் வேறு மூலைகளிலும் இதற்கு உறவுகள் உண்டு. நேபாளத்தில் தசைன் விழாவுக்கு இருட்டறையில் பார்லியை மஞ்சளாக வளர்த்துத் தலையில் சூடிக்கொள்கிறார்கள். இத்தாலியின் சார்டினியாத் தீவில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று தேவாலயத்தில் வைக்கக் கோதுமையை இருட்டில் வளர்க்கிறார்கள். பழைய கிரேக்கத்தில் அடோனிசுக்காகப் பெண்கள் உடைந்த பானைகளில் முளை வளர்த்துக் கடைசியில் தண்ணீரில் விட்டார்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நான் நினைக்கவில்லை. விதையை வைத்துப் பிழைத்த மக்களுக்கெல்லாம், விதைக்கும் முன் அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடும் தவிப்பு இருந்திருக்கும்.

மழைக்கு வருவோம். பாரி ஒன்பது நாள் தன் விதைக்குள் இருந்த உணவிலேயே வளர்கிறது. வெளியிலிருந்து அது வாங்குவது தண்ணீரும் காற்றும் கொஞ்சம் சூடும்தான். ஆடியில் நின்றுகொண்டு ஐப்பசி மேகத்தை அறிய அதற்கு எந்த வழியும் இல்லை. இதைச் சொல்வதால் அந்தப் பெண்களின் பக்தி சிறுத்துப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. பாரி சொல்லும் சேதி வேறு: போன அறுவடையின் சேதி. பயறு நன்றாக முற்றியபின் பறித்தார்களா, மழையில் நனையவிட்டார்களா, எத்தனை வெயில் காயவைத்தார்கள், குலுக்கையில் வண்டு விழாமல் செம்மண் கட்டியோ சாம்பல் கலந்தோ வைத்தார்களா என்பதெல்லாம் அந்தச் சட்டியில் முளைத்து நிற்கிறது. விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். மதுரையின் சித்திரை, வைகாசி வெக்கையில் ஒரு பிடி விதையை உயிரோடு காப்பாற்றி ஆடிக்குக் கொண்டுவருவது சின்ன வேலையில்லை. அந்த வேலை முழுக்க வீட்டுப் பெண்களுடையது. அதன் தேர்வு முடிவுதான் தலையில் ஏறி ஊர்வலம் போகிறது.

வீட்டுக்கு ஒரு கை என்று வாங்கிய முத்து, ஊரின் விதை இருப்பு முழுவதற்கும் ஒரு மாதிரி. பாரி குன்றினால் ஊரின் விதை சரியில்லை. விதைப்புக்கு முன்பே அது தெரிந்தால் பக்கத்து ஊரில் விதை தேட நேரம் இருக்கும். பாரி குன்றினால் வருஷம் ஆகாது என்ற நம்பிக்கை, இந்த வழியில் பார்த்தால், பல ஆண்டுகளில் உண்மையாகவே பலித்திருக்கும். இதே சோதனையை முறைப்படி செய்து விதை வியாபாரிகளின் மோசடிக்கு முடிவுகட்டப் பிரீட்ரிக் நோப்பே ஜெர்மனியின் தாரந்தில் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை நிறுவியது 1869இல். இந்தியாவில் விதைச் சட்டம் 1966இல் வந்தது. இன்று சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு 80ஆவது முளைக்க வேண்டும், பாசிப்பயறிலும் உளுந்திலும் 75. ஆய்வகத்தில் நூறு நூறாக 400 விதைகளை எண்ணி வைத்துப் பார்க்கிறார்கள்.

செல்லூரில் இப்போது வயல் இல்லை. தறிகளும் நெருக்கமான வீடுகளும்தான். பெருமழை நாளில் செல்லூர்க் கண்மாய் நிரம்பிப் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகும்போதுதான் இது பாசன ஊராக இருந்தது பலருக்கு நினைவு வருகிறது. பாரிக்கான பயறைக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்குகிறார்கள். அந்தச் சட்டியில் தெரிவது எங்கோ விளைந்து, எந்தக் கிடங்கிலோ கிடந்த பயறின் நிலைமை. அதற்காக வருத்தப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இன்னும் சொந்தமாகப் பயறு விளைவிக்கும் உறவு இல்லாத குடும்பம் இங்கே குறைவு. பாரிக்கு ஒரு கை அங்கிருந்து கேட்டு வாங்கலாம். அதில் நூறை எண்ணித் தனியாக ஈரத்துணியில் முடிந்து வைத்து, நான்காம் நாள் எத்தனை முளைத்தது என்று விதை கொடுத்தவருக்கே சொல்லலாம். ஆடிப் பட்டத்தில் விதைக்கக் காத்திருப்பவருக்கு அந்த எண் உடனே பயன்படும்.