பட்டாசுக் குப்பையும் சங்கத்தின் கடமையும்

தீபாவளி கழிந்து சில வாரங்களுக்குப் பின் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். கடன் பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே, பல ஆண்டுகளில் முதன்முறையாக, ‘நிலுவை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. தவணை தவறாத மனிதர் தவறியது ஏன் என்று வினவினேன்.

தீபாவளிக்கு மறுநாட் காலையில் அவருடைய பதினொரு வயது மகன், தெருவில் வெடியாது கிடந்த வெடிகளைப் பொறுக்கி, தாளைக் கிழித்து, மருந்தைக் குவித்துத் தீ வைத்திருக்கிறான். நம்மில் பலரும் இளமையில் ஆடிய விளையாட்டே அது. மருந்து ஒரே சீறலாக எழுந்து வலக்கையைச் சுட்டுவிட்டது. தந்தை மருத்துவமனையில் காத்துக் கிடந்தார். தறி மூன்று வாரம் நின்றது, கூலி நின்றது, அதனால் தவணையும் நின்றது. சிறுவனின் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அறுந்த இழையைப் பிடித்து முடிய வேண்டிய விரல்கள் அவை.

அந்த வெடிகள் யார் வாங்கியவை என்று எவருக்கும் தெரியாது. தெருவுக்கே பொதுவான குப்பையாதலால் அதைப் பெருக்குவது எவர் கடமையுமாக இல்லை. பொதுப் பொறுப்பை ஏற்பதற்கென்றே தோன்றிய இயக்கம் நம்முடையது. ஆகவே இதனை நம் அங்கத்தினர் முன் வைக்கிறேன்.

குப்பையில் இருப்பது யாது?

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் வெடிமருந்தின் அடிப்படை. வெண்ணொளிக்கு அலுமினியத் தூளும், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு ஆகியவற்றின் உப்புக்களும் சேர்க்கப்படுவது வழக்கம். நீரிற் கரையும் பேரிய உப்புக்கள் நஞ்சாகும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புக்களைத் தடை செய்தது. சரவெடியையும் தடுத்து, காற்று மாசு, ஓசை ஆகியவற்றோடு குப்பையையும் அதற்குக் காரணமாகக் காட்டியது.

பசுமைப் பட்டாசு என்னும் பெயரைக் கண்டு, அதன் குப்பை எருவாகும் என்று எண்ணிவிடலாகாது. புகையிலுள்ள தூசியைக் குறைப்பதற்காக வகுக்கப்பட்டது அது. அதன் தாளும் மருந்தும் அட்டையும் குப்பையாகவே எஞ்சுகின்றன.

செய்யத் தகாதவை

முதலாவது, குவித்துக் கொளுத்துதல். அரைகுறையாய் வெடித்தவை அக்குவியலுள் கிடந்து, எதிர்பாராத நொடியில் சிதறும். நூற் கிடங்கும், பாவு ஏறிய தறியும், வைக்கோற்போரும் ஒரு பொறிக்குத் தாங்கா என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, எருக்குழியில் இடுதல். அடுப்புச் சாம்பல் எருவாகிறதே, இது ஆகாதா என்று உழவர் சிலர் கேட்கின்றனர். விறகின் சாம்பல் வேறு, இது வேறு. உலோகங்கள் மக்குவதில்லை. எருவோடு வயலுக்குச் சென்று மண்ணில் தங்கிவிடும். எரிந்த மத்தாப்புக் கம்பி வைக்கோலோடு கலந்தால் மாட்டின் வயிற்றைத் துளைக்கும்.

மூன்றாவது, கிணற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுதல். அந்நீரையே நாம் குடிக்கிறோம். நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் அந்நீரில்தான்.

செய்யத் தக்க முறை

2018 முதல் தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் வெடிக்க நேரம் வகுத்து வந்திருக்கிறது. நேரம் முடிவது தெரிவதால், பெருக்கும் நேரத்தையும் முன்னரே குறித்துக்கொள்ளலாம்.

1. அட்டைப் பெட்டிகளையும் மேலுறைகளையும் வெடிக்கும் முன்பே தனியே எடுத்து வைக்க வேண்டும். மருந்து படாத அட்டை பழைய தாள் கடைக்குப் போகலாம். மறுமுறை பயனாவதில் பெரும்பகுதி இதுவே.

2. எரிந்த மத்தாப்புக் கம்பிகளை உடனுக்குடன் மணல் வாளியில் செருக வேண்டும். ஆறியபின் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம்.

3. வெடியாத வெடியை மீண்டும் பற்றவைக்கவோ, கையால் பிரிக்கவோ கூடாது. சற்று நேரம் விட்டு, நீர் தெளித்து, நீண்ட பிடியுள்ள முறத்தால் அள்ளி, நீருள்ள வாளியில் இட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். வாளி மூடாமல், வீட்டுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

4. தெரு முழுவதையும் நீர் தெளித்துப் பெருக்க வேண்டும். உலர்ந்தபடி பெருக்கினால் மருந்துத் தூள் மூச்சில் ஏறும்.

5. ஊறியவற்றை ஈரத்தோடு தனிப்பையில் கட்டி, பட்டாசுக் குப்பை என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். உலர்ந்தால் மருந்து மீண்டும் பற்றக்கூடும். எஞ்சிய நீரை மணலில் ஊற்றி அம்மணலையும் சேர்த்துத் தரலாம்.

சென்னை மாநகராட்சி இக்குப்பையைத் தனியே திரட்டி, கும்மிடிப்பூண்டியிலுள்ள தீங்குக் கழிவு நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறது. நம் ஊராட்சிகளிடமும் இவ்வாறு கேட்பது நம் உரிமை.

சங்கம் செய்ய வேண்டுவது

ஒரு வீட்டார் மட்டும் வாளி வைத்தால் தெரு தூய்மையாகிவிடாது. சங்கம் தெருவுக்கொரு மணல் வாளியும் நீர்த் தொட்டியும் வைக்கலாம். பொது நல நிதி உள்ள சங்கங்கள் அதற்கு முறைப்படி தீர்மானம் நிறைவேற்றலாம். செலவு பெரிதன்று. பண்டிகைக்கு முந்திய நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைத்து, எவர் எத்தெருவுக்குப் பொறுப்பு என்று பெயர் குறித்துவிட வேண்டும். பெயர் குறியாத பொறுப்பு, மேலே சொன்ன தெருக்குப்பை போன்றதே.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி ஊரார், வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்று பட்டாசு வெடிப்பதையே விட்டிருக்கின்றனர். நான் அவ்வளவு கேட்கவில்லை. சிவகாசி உழைப்பாளரின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. வெடித்த கையே பெருக்கவும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த அங்கத்தினரின் நிலுவை வட்டியோடு கட்டித் தீர்ந்துவிட்டது. பேரேட்டில் இப்போது அவர் பெயருக்கு எதிரே குறையேதும் இல்லை. அவர் மகனின் விரல்கள் மட்டும் இன்னும் மடங்கவில்லை. வருகிற தீபாவளிக்கு மறுநாள் நம் சங்கத் தெருக்களில் பொறுக்குவதற்கு ஒரு வெடியும் கிடக்கலாகாது.