புள்ளி சிதையாத தாள்

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் சிறு பிள்ளைகளுக்காக அரபி எழுத்து அட்டைகளைக் கணினியில் அமைத்து, வீட்டு அச்சுப்பொறியிலேயே அச்சிட்டேன். மலிவாகக் கிடைத்த மெல்லிய தாளை வாங்கியதே நான் செய்த பிழை. மை பரவிற்று. 'தா'வின் இரு புள்ளிகள் ஒட்டிக்கொண்டன. 'ஸா'வின் மூன்று புள்ளிகள் ஒரே கறையாயின. 'ஸா' அட்டையைக் காட்டியபோது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி 'தா' என்றாள். திருத்த முற்பட்ட நான், அட்டையை உற்றுப் பார்த்ததும் நாணினேன். தவறு குழந்தையுடையதன்று, தாளைத் தேர்ந்தெடுத்தவனுடையது.

பெருநாள் வாழ்த்து அட்டை, நோன்பு நாள்காட்டி, பாட அட்டை எனப் பலவற்றை இன்று வீட்டிலேயே அச்சிடுகிறோம். ஆகவே தாளைப் பற்றிச் சிறிது அறிதல் நலம்.

எடை அறிந்து வாங்குக

உறையின்மேல் காணப்படும் 'ஜி.எஸ்.எம்.' என்பது, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். எனவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு சுமார் இரண்டரைக் கிலோ. ஐயமிருப்பின் தராசில் வைத்துப் பாருங்கள். இக்கட்டிற்கு வழங்கும் 'ரீம்' என்ற பெயர், பொதி எனப் பொருள்படும் 'ரிஸ்மா' என்னும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்ததே.

கடிதத்திற்கும் பயிற்சித் தாளுக்கும் 80 போதும். வாழ்த்து அட்டைக்கு 160 முதல் 200 வரை ஏற்றது. எனினும் உங்கள் அச்சுப்பொறி எவ்வளவு கனம் தாங்கும் என்பதை அதன் கையேட்டில் முதலில் பாருங்கள். தாங்காதெனில், சாதாரணத் தாளில் அச்சிட்டு, சட்டைப் பெட்டியின் அட்டையில் ஒட்டிவிடலாம்.

பொறிக்கேற்ற தாள்

இங்க்ஜெட் பொறி திரவ மையைத் தெளிக்கிறது. லேசர் பொறி மைப்பொடியைச் சூட்டினால் உருக்கிப் பதிக்கிறது. இங்க்ஜெட்டுக்கென வழுவழுப்புப் பூசிய புகைப்படத் தாளை லேசர் பொறியில் இட்டால், பூச்சு உருகிப் பொறியைக் கெடுக்கக்கூடும். இங்க்ஜெட்டில் எழுத்து தெளிவாக வர, மை பரவாத கெட்டியான மேற்பரப்புள்ள தாளே வேண்டும். மை நன்கு உலர்ந்த பின்னரே லேமினேஷன் செய்க.

மடிப்பும் பசையும்

தாளுக்கும் மரத்தைப் போல் இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. நீர்ப்பசை தாளைச் சுருக்கும்; மெல்லிய தாளுக்குக் குச்சிப் பசையே நன்று. குழந்தைகளின் கையில் முனை மழுங்கிய கத்தரிக்கோலையே கொடுங்கள்.

இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். இறைவசனம் அச்சிடுமுன், சாதாரணச் சொற்களைக் கொண்டு மாதிரி பாருங்கள். பிழைபட்ட தாள் குப்பைக்குப் போகும் பாவம் நம்மைச் சேர வேண்டாம்.

நல்ல தாளில் அட்டைகளை மீண்டும் அச்சிட்டேன். அச்சிறுமி விரல் வைத்து மூன்று புள்ளிகளையும் எண்ணி, "ஸா, உஸ்தாத்!" என்றாள். சில ரூபாய் மிச்சப்படுத்த எண்ணி ஓர் எழுத்தை இழக்கவிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அது திரும்பக் கிடைத்தது.