பென்ஷனில் வந்தவர்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பிப் பெயர் பெற்ற கிராமங்களில், ஒருவர் 'பென்ஷனில் வந்துவிட்டார்' என்று சொல்லக் கேட்கும் வெளியூர்க்காரர் தடியூன்றிய முதியவரைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். ஆனால் பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருஷ சேவையை முடித்துத் திரும்புகிறவருக்கு மீசைகூட நரைத்திராது. ஆயுளில் பாதி மிச்சமிருக்கிறது. அதை வாழக் கற்றுக்கொடுப்பார்தாம் இல்லை.

வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் வந்தபோதெல்லாம் அவர் சொந்த வீட்டிலேயே விருந்தாளி. கோழி அடித்தார்கள்; பங்காளிகள் கேன்டீன் சரக்கை விசாரித்தார்கள்; கடன் பாக்கியையும் வரப்புத் தகராறையும் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் முதல் வி.ஏ.ஓ. கையெழுத்து வரையில் அத்தனை பாரத்தையும் தனியே சுமந்தவள் மனைவி.

நான் அறிந்த ஹவில்தார் ஒருவர், கூட்டுக் கிணற்றில் தம் தண்ணீர் முறை விடியற்காலை நான்கு மணிக்கு என்றால், கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்குக்கே போய் நிற்பார். ஒருநாள் சித்தப்பாவின் வயலுக்கு இன்னும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கக் கண்டு, மடையைத் தாமே திருப்பிவிட்டார். "பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தா கிணத்தையே எழுதிக் குடுத்தாச்சாடா உனக்கு?" என்று கிழவர் கொதித்தார். மும்முனை மின்சாரம் இரவில் நின்று நின்று வந்திருந்தது. அப்படி வந்த நாளில் கடைசிப் பாத்தி நனையும்வரை பொறுப்பதே அவ்வூர் வழக்கம். சங்கதி அறிந்து ஓடிவந்த மனைவி, "உங்க பாத்தி நனையட்டும் சின்னமாமா, நாளைக்கு எங்களுக்கு ஒரு மணி சேத்து விடுங்க" என்றாள். அவ்வளவில் சண்டை தீர்ந்தது.

இந்தச் சாமர்த்தியத்தை எந்தப் பாசறையும் போதிப்பதில்லை. ஓய்வுக்கு முன் அரசு நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகள் காவல் பணிக்கும் கணினிக்கும் உதவுகின்றன. ஆயினும் ஓய்வு பெறுகிறவரின் மனைவியையும் அழைத்து, அவள் நடத்திவந்த குடித்தனத்தின் கணக்கையும் ஊரின் உறவு பகைகளையும் கணவருக்குச் சொல்லவைக்கும் ஏற்பாடு அவசியம் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் காவலாளி வேலைக்குப் புறப்பட்டுவிடுவது சம்பளத்துக்காக மாத்திரமன்று. சீருடையும் ஷிப்டும், இன்னது செய் என்று சொல்ல மேலே ஒருவரும் அங்கே திரும்பவும் கிடைத்துவிடுகிறார்கள். அவர்கள் மனைவிமாரோ மறுபடியும் தனியே நின்று தண்ணீர் முறை பார்க்கிறார்கள்.