கொள்ளையரோடு போன செல்போன்

அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் 2010, 2011-ல் ரேடியோ ஷாக், டி-மொபைல் கடைகளாகப் பார்த்துக் கொள்ளையடித்தது ஒரு கும்பல். அள்ளிக்கொண்டு போனது புத்தம்புது செல்போன்களை. கடைசியில் அந்தக் கும்பலைச் சேர்ந்த திமோதி கார்பென்டரை மாட்டிவிட்டதும் செல்போன்தான். ஆனால் அது அவர் வைத்திருந்த போன்.

பிடிபட்ட ஒருவர் கூட்டாளிகளின் நம்பர்களைக் கக்கிவிட, எஃப்.பி.ஐ. தொலைபேசி நிறுவனங்களிடம் பதிவுகளைக் கேட்டது. கார்பென்டருக்கு மட்டும் 127 நாள் பதிவு, 12,898 இடக்குறிப்புகள்.

இதில் ஜி.பி.எஸ். எதுவும் இல்லை. அழைப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் போன் எந்த டவரில், டவரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நிறுவனம் தன் வேலைக்காகக் குறித்து வைக்கிறது. டவர் உச்சியில் பெரும்பாலும் மூன்று பக்கம் ஆன்டெனாக்கள். பூசணிக்காயை மூன்று கீற்றாகப் போட்டதுபோல ஆளுக்கு 120 டிகிரி. போலீஸுக்குக் கிடைப்பது அந்தக் கீற்றுதான். கார்பென்டர் வழக்கில் ஒரு கீற்றின் பரப்பு சுமார் 0.3 முதல் 10 சதுர கிலோமீட்டர் வரை. கொள்ளை போன கடையும் அதற்குள் வரும், ஒரு பாவமும் அறியாத நூறு வீடுகளும் வரும். போதாக்குறைக்கு, போன் எப்போதும் பக்கத்து டவரையே பிடிப்பதில்லை; எந்த சிக்னல் பலமாக இருக்கிறதோ அதைப் பிடிக்கும்.

ஆக, ஒரே ஒரு பதிவை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு கொள்ளைகள், நான்கு இடங்கள். அந்தந்த நேரத்தில் அந்தந்தக் கடைப் பக்கம் கார்பென்டரின் போன். எஃப்.பி.ஐ. அதிகாரி வரைபடம் போட்டே காட்டினார். நான்கும் தற்செயல் என்றால் எந்த ஜூரி நம்பும்? 100 ஆண்டுகளுக்கு மேல் சிறை.

வாரண்ட் இல்லாமல் இந்தப் பதிவை வாங்கியது சரியா என்ற கேள்வியோடு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தனை நாள் பதிவைப் பிரித்தால் கொள்ளை மட்டுமா தெரியும்? ராத்திரி எங்கே தூங்கினார், யார் வீட்டுக்குப் போனார், எல்லாம் தெரியும். பொதுவாக வாரண்ட் இல்லாமல் இதை வாங்கக் கூடாது என்று 2018 ஜூனில் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கார்பென்டருக்குப் பலனில்லை, போலீஸ் அன்றிருந்த சட்டத்தை நம்பித்தான் நடந்தது என்று கீழ் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்துவிட்டது.

என்னைக் கேட்டால், வாரண்டைவிடப் பெரிய தலைவலி பதிவிலேயே இருக்கிறது. டென்மார்க்கில் நிறுவனங்களின் பதிவுகளைப் போலீஸுக்கு ஏற்றபடி மாற்றித்தந்த மென்பொருள், சில தகவல்களை விழுங்கிவிட்டிருந்தது. சில டவர்களுக்குத் தவறான இடம் பதிவாகியிருந்தது. 2019-ல் இது வெளியே வந்ததும் 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தூசி தட்டினார்கள். இரண்டு மாதம் இந்தச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைப்பதையே நிறுத்தினார்கள். சிறையிலிருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.