பீரோவுக்குள் ஆட்டுத் தொடை!

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வவுச்சர், பில், பாஸின் முகம். ஏழாவது நாளாவது வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டாமா? அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பார்பிக்யூ பைத்தியம்.

பார்பிக்யூ என்றதும் கம்பியில் கறியைக் குத்தி, நெருப்புக்கு மேல் சுட்டு, வெளியே கரி, உள்ளே பச்சை என்று தின்பீர்களே, அதைச் சொல்லவில்லை. அமெரிக்காக்காரன் செய்வது வேறு சமாச்சாரம். நெருப்பு கீழே, கறி மேலே, நடுவில் தண்ணித் தட்டு. 110 டிகிரி சூட்டிலேயே ஏழெட்டு மணி நேரம் புகையில் வேகணும். அதற்கென்று ஒரு இரும்புப் பெட்டி. ரெண்டு சுவர், நடுவில் சூடு வெளியே போகாமலிருக்க அடைப்பு. பார்த்தால் அச்சு அசல் பீரோ!

விலையை விசாரித்தேன். என் ஆறு மாதச் சம்பளம். பேசாமல் எங்கள் பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன்.

"இன்னா சார், ஆட்டுக்குப் பீரோவா?" என்று சிரித்தார். ஆனால் மனிதர் மறுக்கவில்லை. மறுக்கவும் கூடாது. 1952-இல் சிகாகோவில் கடல் மிதவை செய்யும் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், மிதவையை ரெண்டாக வெட்டித்தான் உலகப் புகழ்பெற்ற வெபர் அடுப்பையே செய்தார். பார்பிக்யூவும் வெல்டிங்கும் பழைய சொந்தக்காரர்கள், சார்!

அஞ்சடி உயரம். இரும்புத் தகட்டில் ரெண்டு சுவர், நடுவில் ரெண்டு அங்குலத்துக்கு பாய்லரைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்த ராக்வூல். "ஜி.ஐ. ஷீட் மலிவா கிடைக்குமே?" என்றேன். "துத்தநாகப் பூச்சு சூட்டுல புகையும், உடம்புக்கு ஆவாது" என்று ஒரே போடாகப் போட்டார். பழைய ஃபிரிட்ஜை வெட்டிச் செய்யலாமே என்ற என் அடுத்த யோசனைக்கும் அதே மரியாதைதான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் நுரையையும் புகைத்துத் தின்பதற்கு, பட்டினி கிடக்கலாமாம்!

கீழே காற்று போக ஒரு துவாரம், அதைத் திறந்து மூட ஒரு தகடு. மேலே புகைபோக்கி. இவ்வளவுதான் மெஷின்.

சூட்சுமம் அந்தத் துவாரத்தில் இருக்கிறது. கூடை நிறைய சவுக்குக் கரியைக் கொட்டி, ஒரு ஓரத்தில் மட்டும் அஞ்சாறு கங்கு வைக்க வேண்டும். நெருப்பு மெதுவாகப் பக்கத்துக் கரியைப் பற்றிக்கொண்டே போகும். சூடு ஏறினால் துவாரத்தைக் கொஞ்சம் மூடு. இறங்கினால் கொஞ்சம் திற. சுவர் வழியாகச் சூடு ஓடாததால் சின்ன நெருப்பே போதும். நாலு கிலோ கரி எட்டு மணி நேரம் தாங்குகிறது. வாசனைக்கு ரெண்டு துண்டு காய்ந்த கொய்யாக் கட்டை. புகை மெல்லிசாக நீலமாக வந்தால் ருசி. குபுகுபுவென்று வெள்ளையாக வந்தால் கறி கசக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு கிலோ ஆட்டுத் தொடைக்கு மிளகும் உப்பும் பூண்டும் தடவி, காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் பீரோவுக்குள் ஏற்றினோம். நான், ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேர், பட்டறைப் பையன் ஒருவன். அண்ணன் டீக்கடைக்குப் போயிருந்தார்.

பத்து மணிக்குக் கொட்டியது பாருங்கள் மழை! 'ஐயோ, நெருப்பு அணைஞ்சிடும்' என்று சாக்கைச் சுற்றிப் பிடித்துப் பீரோவை ஷெட்டுக்குள் தள்ளினோம். சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரையும் இறக்கிவிட்டோம். கேரம் போர்டு எடுத்தோம். கமகமவென்று வாசனை. சொர்க்கம்!

முக்கால் மணி நேரம் போயிருக்கும். எனக்குத் தலை வலித்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால் என்று நினைத்துக்கொண்டேன். நண்பர் சிவப்புக் காயை விட்டுவிட்டு வெறும் பலகையை அடித்தார். சிரித்தோம். பையன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

தடாலென்று ஷட்டர் ஏறியது. தொப்பலாக நனைந்தபடி அண்ணன். "டேய்! சாவறதுக்கா உள்ள வச்சீங்க?" பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

காற்றைக் குறைத்து எரிய விட்ட கரி கக்குவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். டேங்குக்குள் இறங்கி வெல்டிங் செய்து பழகிய மனிதருக்கு அது தெரிந்திருந்தது. பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த ரெண்டு இளைஞர்கள், குளிருக்காகப் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கினார்கள். எழுந்திருக்கவே இல்லை. அந்தச் செய்தியைப் படித்து 'உச்' கொட்டியவன்தான் நானும்!

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பையனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். ரெண்டு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "கறி கருகிடுச்சா சார்?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானும் அண்ணனும் சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், பீரோ மழையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஷட்டரைத் திறந்ததும் நண்பர்கள் அதை வாசலுக்கு இழுத்து விட்டிருந்தார்கள். முள்ளைப் பார்த்தேன். 105 டிகிரி! அத்தனை மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை. சூடு வெளியே போகாமலிருக்கத்தானே அந்த ராக்வூல்? உள்ளே தள்ள வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

தொடை எலும்பு விரலால் இழுத்ததும் கையோடு வந்தது. முதல் துண்டைப் பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துப் போனோம். டாக்டரிடம் திட்டும் வாங்கினோம்.

இப்போது பீரோ பட்டறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் திறந்தவெளியில்தான் நிற்கிறது. கதவில் அண்ணன் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்: 'மூச்சைக் குறைக்கிறது அடுப்புக்கு. ஆளுக்கு இல்லே!'

எல்லாம் கேட்டுவிட்டு வீட்டில் அரைமணி நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கல்யாணமாகி நாலு வருஷமா எனக்குத் துணி வைக்க ஒரு பீரோ கேக்குறேன். ஆட்டுக்கு மட்டும் உடனே கிடைச்சிடுச்சு!"